பெயர் மாறிய எஃகு

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் இலக்கியம் பேசுவதும் இசை கேட்பதும் நம் வழக்கம். இவ்வாண்டு அறிவியலுக்கும் சிறிது நேரம் ஒதுக்குக என்று சங்கத்தார் பணித்தமையால், பழைய வாள்களின் உலோகத்தைப் பற்றிப் பேச முன்வந்தோம். வாளும் போரும் நமக்கு எதற்கு என்று தாய்மார்கள் எண்ணலாம். நம்முள் பலர் வீட்டு அடுக்களையில் ஊரிலிருந்து கொணர்ந்த அரிவாள்மணை ஒன்று இன்னும் இருக்கிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் பளபளக்கும் கத்திகள் எத்தனையோ கிடைப்பினும், வாழைக்காய் சீவவும் மீன் அரியவும் அந்தப் பழைய அலகுக்கு நிகரில்லை என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த அலகை அடித்த கொல்லரின் பெயர் என்ன? நம்மில் பெரும்பாலோர்க்குத் தெரியாது. இன்று நாம் சொல்ல வந்த செய்தி முழுவதும் அந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

ஏறத்தாழ இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் இந்நகரில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். அந்நாளைய பம்பாயில் ஹெலினஸ் ஸ்காட் என்னும் மருத்துவர் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணி புரிந்தவர். இந்நாட்டுத் தொழில்முறைகளை அறிவதில் ஆர்வம் மிக்கவர். இங்குக் கிடைத்த ஒருவகை எஃகின் கட்டிகளை அவர் லண்டனுக்கு அனுப்பினார். அவற்றைப் பெற்றவர் அரச கழகத்தின் தலைவராயிருந்த சர் ஜோசப் பாங்க்ஸ். அந்த எஃகை ஜார்ஜ் பியர்சன் என்பவர் பலவாறு சோதித்து, 1795ஆம் ஆண்டில் அக்கழகத்தில் ஒரு கட்டுரை அளித்தார். பம்பாயில் செய்யப்படுவதும் அங்கே 'வூட்ஸ்' எனப்படுவதுமான எஃகின் இயல்பை ஆராய்வது என்பதே அக்கட்டுரைத் தலைப்பின் பொருள்.

பம்பாயில் செய்யப்படுவது என்று எழுதிவிட்டார்கள்! ஆனால் பெயரே உண்மையைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. மராத்தி மொழியில் எஃகுக்குப் 'போலாத்' என்று பெயர். கன்னடத்திலும் தெலுங்கிலும் 'உக்கு' என்பர். நம் தமிழில் 'உருக்கு' என்கிறோம். உக்கு என்னும் சொல்லே ஆங்கிலேயர் கையில் உருமாறி 'வூட்ஸ்' ஆயிற்று என்பது அறிஞர் பலரின் கருத்து. அவ்வெஃகின் உலைகள் தெலங்கானத்துக் கோனசமுத்திரத்திலும் மைசூர்ச் சீமையிலும் தமிழகத்துச் சேலம் பகுதியிலும் இருந்தன. பம்பாய் அது கப்பலேறிய துறைமுகம். கப்பலேறிய ஊரின் பெயர் ஏட்டில் ஏறியது. உலை மூட்டிய ஊரின் பெயர் ஏறவில்லை. தெற்கிலிருந்து இந்நகருக்கு வந்து, இந்நகரின் பெயராலேயே அழைக்கப்படும் நமக்கு இக்கதை புதிதன்று.

அவ்வெஃகை எவ்வாறு செய்தனர்? சேலம் பகுதியில் கம்பெனி அலுவலராக இருந்து, பின்னர் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் 1839இல் எழுதிய குறிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. களிமண்ணோடு கருக்கிய நெல்லுமியை மிகுதியாகக் கலந்து சிறு மூசைகள் செய்வர். பொற்கொல்லர் 'குகை' என்பார்களே, அந்த வகைக் கலம்தான் மூசை. அதனுள் மென்மையான இரும்புத் துண்டுகளை இட்டு, அவற்றுடன் உலர்ந்த ஆவாரங்குச்சிகளை வைத்து, எருக்கிலைகளால் மூடி, வாயை ஈரக் களிமண்ணால் அடைப்பர். இத்தகைய மூசைகள் இருபது இருபத்து நான்கை உலையில் அடுக்கி, கரியால் மூடி, துருத்தி கொண்டு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஊதுவர். ஆறிய பின் மூசையை உடைத்தால் உள்ளங்கையில் அடங்கும் எஃகுக் கட்டி கிடைக்கும். கட்டியின் மேற்புறத்தில் நடுவிலிருந்து நாற்புறமும் கதிர்போல் வரிகள் ஓடியிருந்தால் உருக்கு நன்றாக அமைந்தது என்று கொள்வர்.

ஆவாரை, எருக்கு, உமி! இவற்றுள் எது நமக்குத் தெரியாதது? பொங்கலன்று வாசலில் செருகும் பூ ஆவாரை. தாராவியில் தோல் பதனிட வந்த நம் முன்னோர் கையாண்டறிந்த பட்டையும் ஆவாரம்பட்டையே. அந்தச் செடியின் குச்சிதான் இரும்பை எஃகாக்கியது. எவ்வாறு என்பதைச் சிறிது விளக்குவோம்.

தூய இரும்பு மெதுவானது. வளையும், கூர் நிற்காது. அதனுடன் கரியின் சத்தாகிய கார்பன் சிறிதளவு சேர்ந்தால் எஃகாகும். நம் கட்டடங்களுக்குப் பயன்படும் எஃகில் கார்பன் நூற்றுக்கு கால் பங்கு அளவில்தான் இருக்கும். வார்ப்பிரும்பிலோ மூன்று நான்கு பங்கு இருக்கும். ஆதலின் அது சம்மட்டியால் ஓங்கி அடித்தால் உடையும். மூசையில் பிறந்த உருக்கில் கார்பன் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை இருந்தது. மூடிய மூசைக்குள் குச்சியும் இலையும் கரியாகி, அக்கரி இரும்பில் ஏறியது. தூய இரும்பு உருக 1538 பாகை சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். கார்பன் ஏற ஏற உருகும் வெப்பம் தாழ்ந்துகொண்டே வரும். ஆகவே கைத்துருத்தி மூட்டிய நெருப்பிலேயே இரும்பு நீராயிற்று. உருகியதனால் கசடு மேலே மிதந்து பிரிய, எஃகு தூய்மையாகக் கட்டிபட்டது. உமி கலந்த மண் அவ்வெப்பத்தைத் தாங்கி நின்றது. வேதியியல் என்னும் சொல்லைக் கேட்டிராத கொல்லர்கள் செய்த வேதியியல் இது.

இக்கட்டிகள் வணிகர் வழியே பாரசீகத்துக்கும் மேற்காசியாவுக்கும் சென்றன. ஆங்குள்ள கொல்லரும் நம் நாட்டுக் கொல்லரும் அவற்றை வாள்களாக அடித்தனர். அவ்வாள்களின் அலகில் நீரலை போன்ற வரிகள் தோன்றும். ஐரோப்பியர் அவற்றை 'டமாஸ்கஸ் வாள்' என்று புகழ்ந்தனர். இங்கும் பாருங்கள், சந்தை நடந்த ஊரின் பெயரே பொருளுக்கு நிலைத்தது.

அந்த அலைவரி எங்கிருந்து வந்தது? இக்கேள்வி ஐரோப்பிய அறிஞர்களை நெடுங்காலம் உறங்கவிடவில்லை. பியர்சனுக்குப் பிறகு டேவிட் முஷெட் 1805இல் ஆராய்ந்து, இவ்வெஃகில் தம் நாட்டு எஃகினும் கார்பன் மிகுதி என்று கண்டார். லண்டனில் அறுவைக் கருவிகளும் சவரக் கத்திகளும் செய்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட், ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்திய எஃகே மேலானது என்று தம் கடை அட்டையிலேயே அச்சிட்டு விளம்பரம் செய்தார். பின்னர் மின்னியலில் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். அவர் 1819இல் இவ்வெஃகைப் பகுத்துப் பார்த்து, அலுமினியக் கலப்பே இதன் சிறப்புக்குக் காரணம் என்று கருதினார். அது பிழை. ஆயினும் அந்தப் பிழையைத் தொடர்ந்து அவரும் ஸ்டோடர்ட்டும் எஃகுடன் வேறு உலோகங்களைக் கலந்து செய்த சோதனைகள், கலப்பு எஃகு ஆராய்ச்சிக்கு வழி திறந்தன. ருசிய நாட்டின் ஸ்லாட்டவுஸ்ட் நகரில் பாவெல் அனோசவ் 1831இல் எஃகின் பரப்பை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தம் சோதனைகளை 1841இல் நூலாக வெளியிட்டார். நம் கொல்லர் உருக்கிய கட்டியைப் புரிந்துகொள்ளும் முயற்சியில் ஒரு புதிய அறிவியலே வளர்ந்தது என்பது மிகையாகாது.

இன்று நுண்ணோக்கி காட்டுவது என்ன? வாளின் சிறு துண்டை வெட்டி, கண்ணாடிபோல் மெருகிட்டு, மென்மையான அமிலத்தால் கழுவினால், கருமையான பரப்பின்மேல் வெண்ணிறத் துகள்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம். கருமையானது எஃகின் உடல். வெண்மையானவை சிமென்டைட் எனப்படும் துகள்கள். மூன்று பங்கு இரும்பணுவும் ஒரு பங்கு கார்பனணுவும் சேர்ந்த, மிகக் கடினமான பொருள். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ நம் தலைமயிரின் பருமனே. கண்ணுக்குத் தோன்றும் நீரலை இவ்வரிசைகளின் வெளித்தோற்றம். கடினமான துகள்கள் கூரைக் காக்கின்றன. சூழ்ந்துள்ள உடல் முறியாமல் தாங்குகிறது. தனித்தனியே இருந்தால் ஒன்று நொறுங்கும், மற்றொன்று மழுங்கும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மூசையில் ஆறிய கட்டியில் சிமென்டைட் வலைபோல் பின்னிக் கிடக்கும். அவ்வலை இருக்கும்வரை எஃகு எளிதில் உடையும். ஐரோப்பியக் கொல்லர் தம் இரும்பைப்போல் இதனையும் வெண்மையாகக் காய்ச்சி அடித்தபோது, அது சம்மட்டியின்கீழ் பொடிந்து போயிற்று. கீழ்நாட்டுக் கொல்லரோ சிவந்த சூட்டிலேயே நிறுத்தி, மெல்ல மெல்ல, மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்தனர். வலை அறுந்து உருண்டைத் துகள்களாயிற்று; துகள்கள் வரிசையில் நின்றன. வெப்பமானி இல்லாக் காலத்தில் இரும்பின் நிறமே அவர்க்கு வெப்பமானி. ஒரு நிறம் தவறினால் வாள் தவறும்.

துகள்கள் ஏன் வரிசையில் நிற்கவேண்டும்? இதற்கு விடை கண்டவர்கள் இருவர். ஒருவர் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் வெர்ஹோவன். மற்றவர் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்னும் கொல்லர். பேராசிரியர் பகுத்தார், கொல்லர் அடித்தார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்துப் பழைய வாள்களின் துண்டுகளையும், தாம் புதிதாக அடித்த வாள்களையும் ஒப்பிட்டு, 1998இல் தம் முடிவை வெளியிட்டனர். எஃகில் வனேடியம் போன்ற உலோகம் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே போதும். உருகிய எஃகு உறையும்போது அது இடையிடையே வரியாக ஒதுங்கி, பின்னர்த் துகள்கள் அவ்வரியைப் பற்றி வளர வழி செய்கிறது என்றனர். அத்தகைய கலப்புடைய தாது தீர்ந்தபோது, பழைய முறையில் அடித்தும் வரி தோன்றாமல், கலையே கைவிடப்பட்டிருக்கலாம் என்பதும் அவர்கள் கருத்து. ஒரு கொல்லர் உடன் இல்லாதிருந்தால் அப்பேராசிரியரின் ஆய்வு முற்றுப் பெற்றிராது என்பதை இளைஞர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

2006இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் பீட்டர் பாஃப்லரும் அவர் குழுவினரும் 17ஆம் நூற்றாண்டு வாள் ஒன்றின் துண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு, அதனுள் கார்பனாலான மிகமிக நுண்ணிய குழாய்கள் இருப்பதாக அறிவித்தனர். அவ்வாளை அடித்தவர் அசதுல்லா என்னும் பாரசீகக் கொல்லர் என்பர். ஈண்டு ஒரு வேறுபாட்டைக் காண்க. வாள் அடித்தவர் பெயர் நமக்குக் கிடைக்கிறது. எஃகுக் கட்டியை உருக்கியவர் பெயர் எங்கும் இல்லை.

பழைய வாளை வெட்டித்தான் ஆராயவேண்டும் என்னும் நிலையும் இப்போது மாறிவருகிறது. லண்டன் வாலஸ் தொகுப்பைச் சேர்ந்த இந்திய வாள் ஒன்றை, நுண்ணோக்கியாலும் நியூட்ரான் கதிராலும் ஆராய்ந்து, இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வெளிவந்தது. நியூட்ரான் கதிர் எஃகை ஊடுருவிச் சென்று, வாளுக்கு ஊறு செய்யாமல் உள்ளமைப்பைச் சொல்லும். நம் செம்பூரை அடுத்த டிராம்பேயில் 1985இல் இயங்கத் தொடங்கிய துருவா அணு உலையிலும் நியூட்ரான் கதிர்களைக்கொண்டு பொருள்களை ஆராய்கின்றனர். அணு உலை என்று அஞ்சும் நாம், அது ஒரு முதிய வாளை நோவாமல் நாடி பார்க்கும் மருத்துவன்போலவும் ஆகும் என்பதை அறிந்து மகிழலாம்.

இனித் தாய்நாட்டுக்கு வருவோம். நொய்யல் ஆற்றங்கரையில், ஈரோடு மாவட்டத்தில், கொடுமணல் என்னும் ஊர் உள்ளது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று குறிக்கப்பெறும் ஊர் அதுவே. 1985 முதல் அங்கு நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. தென்னார்க்காட்டுப் பகுதியின் மேல்சிறுவளூரில் மூசைத் துண்டுகளை ஆராய்ந்து, அவற்றில் கார்பன் மிகுந்த எஃகு உருக்கப்பட்டது என்று 1990களில் எடுத்துரைத்தவர் சாரதா சீனிவாசன் அம்மையார். நம் நகரின் பொவாயில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர், பரதநாட்டியக் கலைஞருமாவார். 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பம்பாய் எஃகு என்று தவறாகப் பெயர் பெற்றதன் தென்னாட்டுப் பிறப்பிடம் ஒன்றைக் காட்ட, பம்பாயில் பயின்ற ஒருவரே முன்வந்தது நமக்கு உவகை தருகிறது.

ஆயினும் உவகையில் நடுவுநிலை தவறலாகாது. உலகின் நல்ல எஃகெல்லாம் தமிழனே செய்தான் என்று மேடையில் முழங்குவது எளிது, அது உண்மையன்று. தெலுங்கரும் கன்னடரும் சிங்களரும் மூசையில் எஃகு செய்தனர். மத்திய ஆசியாவின் மெர்வ் முதலிய நகரங்களிலும் செய்தனர். கட்டியை உயர்ந்த வாளாக்கிய பெருமையில் பாரசீகருக்குப் பெரும்பங்கு உண்டு. பிறர் பங்கை மறைத்துப் பெறும் பெருமை, பம்பாய்ப் பெயரை ஒட்டிய அதே பிழையை நாம் திருப்பிச் செய்வதாகும். நம் பங்கு எதுவோ அதனைச் சான்றோடு சொன்னால் அதுவே போதும்.

இத்துணைச் சிறந்த தொழில் ஏன் அழிந்தது? ஷெஃபீல்டு எஃகு மலிவாக வந்து இறங்கியது. காடுகள் அரசின் கட்டுப்பாட்டில் வர, உலைக்குக் கரி அரிதாயிற்று. வாள் வாங்கும் அரசர்கள் மறைந்தனர். இவை வெளிக்காரணங்கள். இவற்றோடு மற்றொன்றும் உண்டு. அந்த அறிவு கையில் இருந்தது, ஏட்டில் இல்லை. தந்தை மகனுக்கு உலையருகே சொன்னது, மகன் உலையை விட்டு வேறு தொழிலுக்குப் போனவுடன் காற்றோடு போயிற்று. எஞ்சியிருப்பது வந்தவர்கள் எழுதி வைத்த குறிப்புகளே. இலங்கையில் மட்டும் நல்வாய்ப்பாக ஒருவர் இருந்தார். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள், அங்குக் கனிம ஆய்வுத் துறையின் தலைவராக இருந்தபோது, முதிய கொல்லர்களைக் கொண்டு மூசை எஃகு செய்வித்துப் பார்த்து, அம்முறையை 1908இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். அவர் அன்று எழுதியிராவிட்டால் அந்தக் கைகளின் அறிவும் மண்ணோடு போயிருக்கும்.

பெரியோர்களே, நம் குடியிருப்பிலும் அத்தகைய கைகள் உள்ளன. தோலின் பதத்தை விரலால் அறிந்தவர் உண்டு. சக்கரத்தில் மண்ணை எழுப்பியவர், பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர், தறியில் இழை எண்ணியவர், முறுக்கு மாவின் பக்குவத்தை ஓசையாலேயே அறிபவர் உண்டு. அவர்கள் பேரப்பிள்ளைகள் கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். அது நல்லதே, குறை கூறவில்லை. ஆனால் தாத்தாவின் கை அறிந்ததைப் பேரன் ஒருமுறையேனும் கேட்டு எழுதினானா? இன்னும் இருபது ஆண்டு கழித்து எழுத நினைத்தால் கேட்க யார் இருப்பார்?

ஆதலின் ஒன்று வேண்டுகிறோம். சங்கத்தின் நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். ஒவ்வொரு குடும்பமும் தம் முதியோரிடம் கேட்டு, அவர் செய்த தொழில், பயன்படுத்திய கருவியின் பெயர், பொருளின் அளவு, பதம் பார்க்கும் முறை, பிறந்த ஊர், கற்பித்தவர் பெயர் ஆகியவற்றை இரண்டு பக்கம் எழுதித் தரட்டும். தமிழ் எழுதத் தடுமாறும் பிள்ளைகளுக்கு அதுவே நல்ல தமிழ்ப் பயிற்சியுமாகும். அடுத்த ஆண்டு மலரில் அவற்றுள் சிலவற்றை அச்சிடுவோம். விடுமுறை நாளில் பிள்ளைகளைச் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே அக்பரின் மார்புக் கவசமும் கேடயமும் உள்ளன. அவற்றைக் கண்டபின், அரசன் பெயரோடு நின்றுவிடாமல், இதற்கு இரும்பு உருக்கியவர் யார், அடித்தவர் யார் என்று பிள்ளைகள் கேட்கப் பழக்குங்கள்.

இன்று வீடு திரும்பியதும் அடுக்களையில் இருக்கும் அந்த அரிவாள்மணையை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். அதன் அலகை அடித்த ஊர் எது, கொல்லர் யார் என்பதை அறிந்த பாட்டியோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், இன்றிரவே கேட்டுவிடுங்கள். அந்தப் பெயரே நம் குறிப்பேட்டின் முதல் வரியாகட்டும்.